புகையின் நிறத்தை முதலில் சொல்லுங்கள்

கேள்வி: என் பழைய டீசல் பிக்கப் புகை விடுகிறது. என்ன செய்யலாம்? (திருமங்கலம்)

என்ன நிறம்? காலை ஸ்டார்ட்டிலா, லோடு ஏற்றிய பிறகா? வண்டி எந்த வருடம்? இந்த மூன்றும் இல்லாமல் எழுதாதீர்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது? விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: 2006 மாடல். ஐட்லிங்கில் வெள்ளைப் புகை 'பொக் பொக்'கென்று விட்டு விட்டு வருகிறது, வண்டியும் குலுங்குகிறது. என்ஜினை இறக்கச் சொல்கிறார்கள். (உசிலம்பட்டி)

இப்போதைக்கு இறக்க வேண்டாம். விட்டு விட்டு வந்தால் ஏதோ ஒரு சிலிண்டரில் டீசல் சரியாக எரியவில்லை. மெக்கானிக்கல் பம்ப் வண்டி என்றால், ஐட்லிங்கில் நாசிலுக்கு (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுவது) வரும் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்தச் சொல்லுங்கள். நல்ல சிலிண்டர் என்றால் என்ஜின் சத்தம் உடனே இறங்கும். சத்தம் மாறாமல் புகை மட்டும் குறைந்தால் கோளாறு அங்கேதான். அந்த நாசிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே அந்த சிலிண்டருக்கு மாறினால் நாசில்தான். மாறாவிட்டால் டாப்பெட் (வால்வ் இடைவெளி), கம்ப்ரஷன் பார்க்க வேண்டும்.

காமன் ரெயில் வண்டியில் (எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் புது வகை) இதைச் செய்யவே கூடாது. ஐட்லிங்கிலேயே சில நூறு பார் அழுத்தம், டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

கேள்வி: காலையில் நீலப் புகை, ஒரு நிமிடத்தில் நின்றுவிடுகிறது. (மேலூர்)

வால்வ் சீல் தேய்ந்திருக்கும். இரவில் ஆயில் சிலிண்டருக்குள் வழிந்து இறங்குகிறது. ஆயில் அளவைக் குறித்து வாருங்கள். 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர்கூடக் குறையவில்லை என்றால் அவசரமில்லை.

கேள்வி: மாட்டுத்தாவணியிலிருந்து கொடைக்கானலுக்கு லோடு அடிக்கிறேன். இழுவை போதவில்லை என்றேன், ஒர்க்‌ஷாப்பில் டீசல் பம்ப் ஸ்க்ரூவைத் திருகிவிட்டார்கள். இழுவை வந்தது, கூடவே கறும்புகையும். (வாடிப்பட்டி)

எனக்கு ஆறாத ஆதங்கம் இது. அந்த ஸ்க்ரூவுக்கு சீல் வைத்திருப்பது சும்மா இல்லை. திருகினால் டீசல் கூடும், காற்று கூடாது. எரியாத மிச்சம்தான் கரியாக வெளியே வருகிறது. டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது) இல்லாத வண்டி என்றால் இன்னும் மோசம். கொடைக்கானல் கிட்டத்தட்ட 7000 அடி. அங்கே காற்றின் அடர்த்தியே ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறையும் இடத்துக்கு டீசலைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள். ஏற்றத்தில் சைலன்சர் சூடு ஏறும், ஆயிலில் கரி சேரும், கடைசியில் பிஸ்டன் போகும். என் சொந்த வண்டியில் ஒரு பிஸ்டன் இப்படித்தான் உருகியது. 'கொஞ்சம் ஏத்தி விட்டிருக்கேன்' என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார்கள், நானும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

இழுவை குறைந்ததற்குக் காரணம் என்ன என்று யாராவது பார்த்தார்களா? ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கிளட்ச் நழுவல், பிரேக் பிடிப்பு: நான்கையும் அரை நாளில் பார்த்துவிடலாம். பம்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் பழைய அளவுக்கே வைக்கச் சொல்லுங்கள். காதால் கேட்டு வைக்கிறேன் என்பவரிடம் விடாதீர்கள்.

கேள்வி: புகைச் சான்றுக்கு எத்தனை வரலாம்? (சோழவந்தான்)

பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ் 4 மாசு விதி) வருவதற்கு முந்தைய டீசல் வண்டிக்கு 65 ஹார்ட்ரிஜ் அலகு (புகை எவ்வளவு அடர்த்தி என்ற அளவு), பிஎஸ்-4 வண்டிக்கு 50. என்ஜினை நன்றாகச் சூடாக்கிவிட்டுப் போங்கள். ஏர் ஃபில்டரை முதல் நாளே பாருங்கள்.

கேள்வி: என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை, ரேடியேட்டர் தண்ணீரும் குறைகிறது. (அலங்காநல்லூர்)

ஹெட் கேஸ்கெட்டாக (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) இருக்கும், ஹெட்டில் விரிசலும் இருக்கலாம். இனி ஓட்டாதீர்கள், கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம்.