மலைப்பாதையில் சைக்கிள்: வாசகர் கேள்வி பதில்

ஜவ்வாது மலையில் சைக்கிளில் சுற்றுவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

எனக்கு வயது 52. என்னிடம் இருப்பது கியர் இல்லாத சாதாரண சைக்கிள். இதை வைத்துக்கொண்டு மலை ஏறலாமா? இல்லை, கியர் சைக்கிள் வாங்கித்தான் ஆக வேண்டுமா?
— ஒரு வாசகர், அரக்கோணம்

தாராளமாக ஏறலாம். அதற்கு முன் பல் கணக்கு கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் சைக்கிளில் பெடல் பக்கத்துச் சக்கரத்துக்கு 44 பல், பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரத்துக்கு (ஃப்ரீவீல்) 18 பல் என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் நகரும். சமதளத்தில் இது சுகம். ஏற்றத்தில் அந்த ஐந்தரை மீட்டரையும் ஒரே சுற்றில் முழங்கால் சுமக்க வேண்டியிருக்கும். கியர் சைக்கிளில் முன்னால் 24, பின்னால் 28 என்று போட்டுக்கொண்டால் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர்கூட நகராது. அதனால்தான் அது லேசாக இருக்கிறது. மலை அதேதான், அதைச் சின்னச் சின்னத் துண்டாக ஏறுகிறீர்கள், அவ்வளவுதான்.

புது வண்டிக்குச் செலவு செய்வதற்கு முன் உங்கள் ஊர் சைக்கிள் கடையில் 20 அல்லது 22 பல் ஃப்ரீவீல் கிடைக்குமா என்று கேளுங்கள். செயினில் ஒரு கண்ணி கூடுதலாகச் சேர்க்க வேண்டி வரலாம். செலவு குறைவு, வித்தியாசம் முதல் ஏற்றத்திலேயே தெரியும். அதற்கும் மேலே கஷ்டமாக இருந்தால் இறங்கித் தள்ளுங்கள். செங்குத்தான இடத்தில் மிதிப்பவருக்கும் தள்ளுபவருக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. தள்ளும்போது காட்டை நன்றாகப் பார்க்கவும் முடியும்.

வேகத்துக்கு ஒரே அளவுகோல்: பேசிக்கொண்டே மிதிக்க முடிய வேண்டும். பாதி வாக்கியத்தில் மூச்சு நின்றால் வேகத்தைக் குறையுங்கள். ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

வண்டிச் சத்தம் இல்லாத மலைப்பாதை வேண்டும். ஏலகிரிக்குப் போகலாமா?
— ஒரு வாசகி, ஆம்பூர்

ஏலகிரி அழகான ஏற்றம். 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் சனி, ஞாயிறுகளில் காரும் பைக்கும் வரிசை கட்டி நிற்கும். போனால் வார நாளில், விடியும்போதே போங்கள்.

நீங்கள் கேட்கிற அமைதி ஜவ்வாது மலையில்தான் இருக்கிறது. அங்கே ஏற ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகள் உண்டு. எனக்குப் பிடித்தது வாணியம்பாடி, ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர் வழி. ஆலங்காயம் தாண்டியதுமே போக்குவரத்து குறைந்துவிடும். எப்போதாவது ஒரு பஸ், பால் கேன் கட்டிய ஒரு பைக், அவ்வளவுதான்.

காவலூரில் மரங்களுக்கு மேலே வெள்ளைக் குவிமாடம் தெரியும். அதுதான் வைணு பாப்பு வானாய்வகம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். 1977-இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான தடயம் பதிவான இடங்களில் இதுவும் ஒன்று. சுற்று வட்டாரத்தில் பெரிய ஊரோ விளக்கு வெளிச்சமோ இல்லாததால்தான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நமக்குச் சாலை காலியாக இருப்பதற்கும் காரணம் அதேதான். சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து ஜமுனாமரத்தூர் வரை மேடும் பள்ளமும் மாறி மாறி வரும். அறுவடைக் காலத்தில் போனால் ஒரு காட்சியை நிச்சயம் பார்ப்பீர்கள். தார்ச்சாலையில் பாதி அகலத்துக்குச் சாமைக் கதிரையோ கொள்ளுச் செடியையோ பரப்பியிருப்பார்கள். ஓரத்தில் வரிசையாகக் கல் அடுக்கியிருக்கும். பஸ் சக்கரம் ஏறினால் மணி உதிரும் என்பதற்காகத்தான் போட்டிருக்கிறார்கள் என்று நாமும் சைக்கிளை ஏற்றிவிடக் கூடாது. கதிர் செயினில் சிக்கும், டயர் வழுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வீட்டின் வருஷச் சாப்பாடு அது. இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள். முறத்தோடு நிற்கிற அம்மாவிடம் "என்னம்மா, விளைச்சல் எப்படி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்ட போதெல்லாம் கை நிறைய அள்ளிக் காட்டியிருக்கிறார்கள். சாமை மணி கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்கும். உள்ளங்கையில் வைத்து ஊதினால் பதர் பறந்துவிடும். காரில் போகிறவருக்குக் கிடைக்காத பேச்சு இது. சைக்கிள் பயணத்தின் முழுப் பலனே இதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

எந்த மாதம் நல்லது?
— ஒரு வாசகர், செய்யாறு

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை. மார்ச்சுக்கு மேல் இலையுதிர் காடு மொட்டையாகிவிடும், ஏற்றத்தில் நிழலே கிடைக்காது. ஆகஸ்ட், செப்டம்பரிலும் பச்சையாகத்தான் இருக்கும், ஆனால் சாயங்காலம் இடியோடு மழை வரும். அப்போது போனால் மதியத்துக்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் பயமாக இருக்கிறது. பிரேக் பிடிக்காமல் போய்விட்டால்?
— ஒரு வாசகர், குடியாத்தம்

நியாயமான பயம். கிளம்புவதற்கு முதல் நாளே பிரேக் கட்டைகளைக் கழற்றிப் பாருங்கள். வரிப்பள்ளம் மறைந்து வழவழவென்று இருந்தால் மாற்றிவிடுங்கள். கேபிளில் ஒரு பிரி அறுந்திருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும்.

இறங்கும்போது பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வராதீர்கள். ரிம் சூடாகும், கட்டையின் பிடிமானம் குறையும், சூடு மிஞ்சினால் டியூப் வெடிக்கவும் கூடும். அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி அழுத்துங்கள். வளைவுக்கு முன்னாலேயே குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் போய் அழுத்தக் கூடாது. முன் பிரேக்குக்குத்தான் சக்தி அதிகம், அதனால் அதைத் திடீரென்று இறுக்காமல் இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். ஸ்டீல் ரிம் வண்டி மழையில் நனைந்தால் பிரேக் பாதிகூடப் பிடிக்காது. அப்போது இறங்கி நடப்பதுதான் சரி.

நானும் என் தோழியும் மட்டும் போகலாமா? வீட்டில் யோசிக்கிறார்கள்.
— ஒரு கல்லூரி மாணவி, திருவண்ணாமலை

வீட்டில் யோசிப்பது இயல்புதான். என் அக்கா மகளும் அவள் தோழியும் இதே பாதையில் போய் வந்தார்கள். அவர்கள் கடைப்பிடித்ததைச் சொல்கிறேன். தங்கும் இடத்தை முன்பே பேசி உறுதி செய்தார்கள். தண்ணீர் கேட்க, வழி கேட்க, பெண்கள் உட்கார்ந்திருக்கும் திண்ணையில்தான் நின்றார்கள். மலையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும், அதனால் "இந்த ஊரை இத்தனை மணிக்குத் தாண்டுவோம்" என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பொழுது சாய்ந்த பிறகு ஓட்டவே இல்லை. காட்டுக்குள் பிரியும் மண்பாதைகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். இந்தத் தாளை அம்மா அப்பாவிடம் காட்டுங்கள்.

சென்னையிலிருந்து சைக்கிளை ரயிலில் கொண்டுவர முடியுமா?
— ஒரு வாசகர், பெரம்பூர்

முடியும். பார்சல் ஆபீஸில் லக்கேஜாக புக் செய்தால் ரயிலின் சாமான் பெட்டியான பிரேக்வேனில் ஏற்றுவார்கள். பெயர், ஊர், போன் நம்பர் எழுதிய அட்டையை ஃபிரேமில் கட்டிவிடுங்கள். ஒன்றிரண்டு நிமிடம் மட்டும் ரயில் நிற்கிற ஸ்டேஷனில் இறக்க நேரம் இருக்காது. காட்பாடி மாதிரி பெரிய ஜங்ஷனில் இறக்கிக்கொள்வதே நிம்மதி.

சாப்பாடு, தண்ணீர்? மலையில் என்ன வாங்கலாம்?
— ஒரு வாசகி, ஆரணி

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், ஏறத் தொடங்கும் முன் நிரப்பிக்கொள்ளுங்கள். கடலை மிட்டாயும் வாழைப்பழமும் பையில் இருக்கட்டும். சில்லறை நோட்டும் வேண்டும். ஆலங்காயத்தில் காலை டிபனை முடித்துவிட்டால் மதியச் சாப்பாட்டை ஜமுனாமரத்தூரில் பார்த்துக்கொள்ளலாம். வாங்குவதற்குத் தேனும் சாமை அரிசியும் உண்டு. ஆசைப்பட்டு நிறைய வாங்கி கேரியரில் உயரமாக அடுக்காதீர்கள், இறக்கத்தில் வண்டி ஆடும். பையைக் கேரியரின் இரு பக்கமும் சம எடையாகத் தொங்கவிட்டு, கயிறு சக்கரத்தில் படாமல் கட்டிவிட்டு இறங்குங்கள்.