பதில் சொல்பவர்களை முதலில் சேருங்கள்

அன்புள்ள ஐயா,

நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழியில். நிரல் எழுதுவதில் சந்தேகம் வந்தால் கேட்பதற்கென்று எங்கள் துறையில் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. நிறைய பேர் இருந்தும் கேள்விகள் காலை வணக்கங்களுக்கு நடுவே காணாமல் போகின்றன. ஒருமுறை ஃபார் லூப் பற்றிக் கேட்டேன். “இதுகூடத் தெரியாமலா இந்தத் துறைக்கு வந்தாய்?” என்று ஒரு சீனியர் எழுதினார். அதன்பின் நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். தமிழிலேயே கேட்டுத் தமிழிலேயே பதில் பெறும் ஓர் இணையக் குழுவைத் தோழிகள் நால்வரோடு தொடங்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது? எல்லாவற்றையும் சாட்ஜிபிடி சொல்லும்போது இது எதற்கு என்று அண்ணன் கேட்கிறார்.

ச., விருத்தாசலம்

அன்புள்ள ச.,

அவசியம் தொடங்குங்கள். அண்ணனின் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

குழு தொடங்குபவர்கள் பெரும்பாலும் உறுப்பினர் எண்ணிக்கையைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். கேட்பவர்கள் தானாக வந்துவிடுவார்கள். பதில் சொல்லத் தெரிந்தவர்கள் வந்து தங்குவதுதான் கடினம். ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி இருவரும் 2008 செப்டம்பரில், நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற இணையதளத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தபோது, இருவரின் வலைப்பதிவுகளுக்கும் ஏற்கெனவே ஏராளமான நிரலாளர்கள் வாசகர்களாக இருந்தார்கள். முதல் நாளிலேயே பதில் சொல்ல ஆள் இருந்தது. பிறகு வேறு துறைகளுக்கு விரிந்தபோதும் இதை அவர்கள் மறக்கவில்லை. ஒரு புதிய துறைக்குப் போதுமான பேர் “நான் பங்கெடுப்பேன்” என்று முன்கூட்டியே பெயர் கொடுத்த பிறகுதான் அதைத் தொடங்கினார்கள். சில நாட்கள் பெயர் கொடுத்தவர்கள் மட்டுமே உள்ளே கேள்வியும் பதிலும் எழுதினார்கள், அதன் பிறகே கதவு திறந்தது.

நீங்கள் ஐந்து பேரும் அதைச் செய்யலாம். உங்கள் ஆய்வக வகுப்புகளில் உண்மையாகவே தடுக்கி விழுந்த இடங்களை எடுத்து, நீங்களே கேள்வியாக எழுதி, நீங்களே பதிலும் எழுதுங்கள். அதில் தவறு எதுவும் இல்லை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலும் தன் கேள்விக்குத் தானே பதில் எழுதுவது ஏற்கப்பட்ட வழக்கம். வேலைக்குப் போய்விட்ட அக்காமார், அண்ணன்மார் சிலரிடம் வாரத்துக்கு ஒரு பதில் என்று உறுதி வாங்கிக்கொள்ளுங்கள். அழைப்பு அனுப்புவது அதற்குப் பிறகு.

அந்த சீனியர் எழுதிய வரியைப் படித்தபோது கோபம் வந்தது. அது ஒருவரின் குணக்கேடு என்று விட்டுவிட முடியாது. இத்தகைய இடங்களில் திரும்பத் திரும்ப நடப்பதுதான் அது. நியூயார்க்கில் ரிகர்ஸ் சென்டர் என்று ஒன்று இருக்கிறது. நிரலாளர்கள் சில வாரங்கள் சேர்ந்திருந்து கற்கும் இடம். அங்கே எழுதி வைத்த விதிகளில் ஒன்று, ஒருவர் தனக்கு ஒன்று தெரியாது என்று சொன்னால் வியப்புக் காட்டக் கூடாது என்பது. “அட, இதுகூடத் தெரியாதா?” என்ற வியப்பு யாருக்கும் எதையும் கற்பிப்பதில்லை, கேட்டவரைச் சிறுமைப்படுத்துவது மட்டுமே அதன் பலன் என்று அவர்கள் கண்டிருக்கிறார்கள். உங்கள் குழுவின் முதல் விதியாக இதை வையுங்கள். மீறுபவர் எவ்வளவு பெரிய கெட்டிக்காரராக இருந்தாலும் ஒருமுறை எச்சரித்துவிட்டு வெளியே அனுப்புங்கள்.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ இந்த இடத்தில்தான் சறுக்கியது. அங்கே நல்ல கேள்விக்குப் பிறர் போடும் ஒவ்வொரு ஓட்டுக்கும் கேட்டவருக்கு முதலில் 10 புள்ளிகள். 2010இல் அதை 5 ஆகக் குறைத்தார்கள், பதிலுக்கு 10 அப்படியே இருந்தது. கேட்பதைவிடச் சொல்வதே உயர்ந்தது என்று புள்ளிக்கணக்கே அறிவித்தது போல ஆயிற்று. புதியவர்களை, குறிப்பாகப் பெண்களையும் பிற சிறுபான்மையினரையும், தங்கள் இடம் அன்போடு வரவேற்கவில்லை என்று 2018இல் அந்நிறுவனமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. 2019இல்தான் கேள்விக்கு மீண்டும் 10 புள்ளிகள் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பத்தாண்டுகள் கழித்துப் புரிந்தது உங்களுக்குத் தொடங்கும் முன்பே தெரிந்திருக்கிறது.

அன்பாக இருப்பதென்றால் எப்படிக் கேட்டாலும் சரி என்று பொருளில்லை. கேட்கும் முறையைப் பொறுமையாகக் கற்றுக்கொடுங்கள். பிழைச்செய்தியைப் புகைப்படம் எடுத்துப் போடாமல் எழுத்தாக, முழுவதுமாக ஒட்டச் சொல்லுங்கள். இருநூறு வரி நிரலை அப்படியே கொட்டாமல், அந்தப் பிழை இன்னும் வருகிற அளவுக்கு அதைச் சுருக்கச் சொல்லுங்கள். சுருக்கிக்கொண்டே வரும்போது பிழை எங்கே என்று கேட்பவருக்கே தெரிந்துவிடுவது அடிக்கடி நடக்கும். என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்ற இரண்டு வரிகளும் கட்டாயம்.

தமிழைத் தமிழ் எழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதினால் ஒரே சொல்லை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள், பிறகு தேடினால் கிடைக்காது. வாட்ஸ்அப்பையும் கைவிடுங்கள். தேடுபொறிக்கு எட்டாத இடத்தில் எழுதிய பதில் அன்றைக்கு மட்டுமே பயன்படும். அடுத்த ஆண்டு இதே ஃபார் லூப்பில் சிக்கப்போகிறவர், யாரிடமும் கேட்கக் கூச்சப்படுகிறவர், தேடி வந்து படிக்கும்படி அது திறந்த இடத்தில் இருக்க வேண்டும். பதில்களை, பிறர் எடுத்துப் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடுவதாக முதல் நாளே அறிவித்துவிடுங்கள். குழு என்றாவது நின்றுபோனாலும் யாராவது எடுத்துக் காப்பாற்றலாம்.

எந்தத் தலைப்பில் தொடங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கணினியில் தமிழ் உரையைக் கையாளும் சிக்கல்களிலிருந்து தொடங்குங்கள். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைத்தான் நிரல்மொழியிடம் கேட்டால் 5 என்கிறது. நமக்கு அது மூன்று எழுத்து. கணினிகள் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுமுறையான யூனிகோடில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதே காரணம். சொற்களை வரிசைப்படுத்தச் சொன்னால் ‘மனம்’ முன்னே வந்து ‘மரம்’ பின்னே போகிறது. நம் அகராதியில் ரகரம் முதலில், னகரம் கடைசியில். யூனிகோடு அட்டவணையிலோ னகரம் நகரத்துக்கு அடுத்தே வந்துவிடுகிறது. ஒரு ஊராட்சியின் பெயர்ப் பட்டியலையோ நூலக அட்டவணையையோ தமிழில் அடுக்க முயலும் மாணவர் இங்கே கட்டாயம் மாட்டிக்கொள்வார். எழுத்துகளைச் சரியாகப் பிரிக்க ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் தொகுப்பு இருக்கிறது. அதைத் தமிழில் படிப்படியாக விளக்குபவர்கள் இன்னும் நிறைய பேர் வேண்டும். 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவரும் கணியம் நண்பர்களோடும் பேசிப் பாருங்கள்.

இனி அண்ணன். 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வந்தது. டிசம்பர் தொடக்கத்திலேயே அதன் பதில்களைத் தங்களிடம் ஒட்டக் கூடாதென்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தடை விதித்தது. பார்க்கச் சரிபோல் தோன்றிய பதில்கள் பல தவறாக இருந்தன, வந்து குவிந்தவற்றைச் சரிபார்க்க ஆள் போதவில்லை. இன்று அக்கருவிகள் வெகுவாகத் தேறியிருக்கின்றன. அவசரத்துக்கு நானும் கேட்கிறேன், நீங்களும் கேளுங்கள். ஆனால் தொடக்கநிலையில் இருப்பவரால் எது தவறு என்று கண்டுகொள்ள முடிவதில்லை. “ஓட்டிப் பார்த்தேன், மூன்றாம் வரியை மாற்றினால் வேலை செய்கிறது” என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும். இன்னொன்றையும் அண்ணனிடம் சொல்லுங்கள்: பதில் எழுதுபவர்தான் இதில் அதிகம் கற்கிறார். எனக்குத் தெரிந்த நிரலாக்கத்தில் பெரும்பகுதி பிறர் கேள்விகளுக்கு விடை தேடியபோது கற்றதுதான். ஓராண்டு ஒழுங்காகப் பதில் எழுதினால் உங்கள் ஐவருக்கும் அது நடக்கும்.

மேற்பார்வையை ஒருவர் தலையில் மட்டும் கட்டாதீர்கள். வாரம் ஒருவர் என்று முறை வையுங்கள், தேர்வுக் காலத்தில் தயங்காமல் மூடி வையுங்கள்.

வரிசைப்படுத்தும் கேள்வியை உங்களில் ஒருவர் எழுதி அனுப்புங்கள். நிரலோடு பதிலை நான் எழுதித் தருகிறேன். வாரம் ஒரு பதில் என்ற உறுதியில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.