மொழிபெயர்ப்புக் கூலி நெல்லையில் கட்டுப்படியாகுமா? கேள்வி பதில்

அம்பாசமுத்திரம் வாசகி: வீட்டிலிருந்தே ஆங்கிலம்-தமிழ் மொழிபெயர்க்க ஆசை. வார்த்தைக்கு எவ்வளவு கேட்கலாம் அண்ணாச்சி?

தொகைக்கு முன்னால், எந்த மொழி வார்த்தையை எண்ணுகிறார்கள் என்று கேளுங்கள் தங்கச்சி. தமிழில் விகுதியும் உருபும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், 1,000 ஆங்கில வார்த்தை தமிழில் 750 அளவுக்குச் சுருங்கிவிடும். தமிழை எண்ணிக் காசு தந்தால் கால்வாசிக் கூலி போச்சு. ஒரு ரூபாய் வீதம் நாளைக்கு 2,000 வார்த்தை, மாதம் 22 நாள் என்றால் 44,000 ரூபாய். ஆனால் எல்லா நாளும் வேலை வராது. பாதி நாளை வைத்தே வீட்டுச் செலவைப் போடுங்கள். பதிவுக் கட்டணம் கேட்பவருக்கு ஒரு பைசா கட்டாதீர்கள்.

பேட்டை தம்பி: பாளையங்கோட்டை வாடகை சென்னையைவிடக் குறைவு. 40 பைசாவுக்குச் செய்தாலும் பிழைக்கலாமே?

ஒத்துக்கொள்ளவே மாட்டேன் தம்பி. வாடகை குறைவு, சரி. லேப்டாப்பும் இன்வெர்ட்டர் பேட்டரியும் வண்ணார்பேட்டையில் பாதி விலைக்கா கிடைக்கின்றன? 40 பைசாவில், நான் சொன்ன பாதி நாள் கணக்குப்படி 11 நாள் வேலைக்கு 8,800 ரூபாய். அதில் குடும்பம் நடக்காது. வாடகையில் மிச்சமாவது உங்கள் பணம். அதை ஏஜென்சிக்கு ஏன் தள்ளுபடியாகத் தர வேண்டும்?

தென்காசிக்காரர்: நாம் மறுத்தால் அடுத்தவர் எடுத்துக்கொள்வாரே!

எடுப்பார். அந்த நேரத்தில் நீங்கள் வக்கீல் ஆபீஸ்களுக்குப் போங்கள். 2004 முதல் நம் பக்கத்து உயர் நீதிமன்ற வழக்குகள் மதுரைக் கிளைக்குப் போகின்றன. தமிழ்ப் பத்திரங்கள், சாட்சியங்களை ஆங்கிலத்தில் கொடுக்க வேண்டியிருக்கிறது. பழைய கிரயப் பத்திரத்தைத் தடுமாறாமல் படிப்பவரிடம் வக்கீல்கள் பைசாவுக்குப் பேரம் பேசுவதில்லை. இங்கே தமிழ் வார்த்தையை எண்ணினால் வீதத்தைக் கூட்டிக் கேளுங்கள். அதே 750 வார்த்தை 1,000 ஆக விரியும்.

பேட்டை தம்பி: புதியவனுக்கு யார் தருவார்கள்?

40 பைசாவில் தொடங்கியவருக்கு அடுத்த வருடம் ஒரு ரூபாய் யார் தருவார்கள்? அதையும் யோசியுங்கள்.

மேலப்பாளையம் வாசகர்: மூன்று மாதமாகப் பணம் வரவில்லை.

இனி வரும் வேலைகளுக்காவது உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவைச் செய்துகொள்ளுங்கள், இலவசம்தான். 2006 சிறுதொழில் சட்டப்படி இந்திய நிறுவனம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி.

வள்ளியூர் வாசகர்: வார்த்தைக்கு எவ்வளவு?

முதல் பதிலைப் படியுங்கள்.

களக்காடு வாசகி: 3,000 ரூபாய் கட்டினால் வேலை தருகிறார்களாம்.

கட்டாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், கட்டாதீர்கள்.

சங்கரன்கோவில் வாசகர்: அமெரிக்கக் கம்பெனிக்குப் போனில் வாய்மொழிபெயர்ப்பு?

பெரும்பாலும் பேசிய நிமிடத்துக்குத்தான் காசு. அவர்கள் பகல் நமக்கு ராத்திரி. காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி உண்டா என்று எழுத்தில் வாங்கிய பிறகு சேருங்கள்.