மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயில் டிஎன்ஏ மெத்திலேற்றத்தின் பங்கு என்ன? ரத்தப் பரிசோதனையில் நோயைக் கண்டுபிடிக்க முடியுமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: முடியாது. ரத்தத்தையோ எச்சிலையோ எடுத்து, மெத்திலேற்றம் பார்த்து, ‘இவருக்கு மனச்சிதைவு’ என்று சொல்லும் அங்கீகரிக்கப்பட்ட பரிசோதனை எதுவும் இல்லை. யாராவது பேக்கேஜ் போட்டு விற்றால் காசை வீணாக்காதீர்கள். ஏன் முடியாது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

டிஎன்ஏ இழையின் நான்கு எழுத்துகளில் சைட்டோசினை அடுத்து குவானின் வரும் இடத்தை சிபிஜி என்பார்கள். மனித மரபணுத்தொகுதியில் இவை சுமார் 2.8 கோடி. அந்தச் சைட்டோசினின் ஐந்தாவது கார்பனில் டிஎன்எம்டி நொதிகள் ஒரு மெத்தில் தொகுதியை ஒட்டுகின்றன. இதுதான் மெத்திலேற்றம். டிஎன்ஏவின் எழுத்து மாறாது. ஆனால் ஜீனின் தொடக்கத்தில் உள்ள புரோமோட்டர் பகுதியில் இது அடர்ந்தால் அந்த ஜீன் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு வந்தால் மற்றவருக்கும் வருவது, டென்மார்க் பதிவேட்டை வைத்து 2018இல் வந்த கணக்குப்படி, 33% மட்டுமே. டிஎன்ஏ ஒன்றாக இருந்தும் ஏன் இந்த வேறுபாடு என்று தேடியவர்கள் மெத்திலேற்றத்தின் பக்கம் வந்தார்கள்.

முதலில் சிக்கியது ரீலின் என்ற மூளைப் புரதத்தின் ஜீன். இறந்த நோயாளிகளின் மூளையில் இந்தப் புரதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருப்பதாக 1998இல் ஒரு ஆய்வு சொன்னது. அந்த ஜீனின் புரோமோட்டரில் மெத்திலேற்றம் கூடியிருப்பதாக 2005இல் ஆய்வுகள் வந்தன. ஆனால் 2008இல் ஜப்பானியக் குழு ஒன்று பைரோசீக்வென்சிங் என்ற, எழுத்து எழுத்தாக டிஎன்ஏவைப் படிக்கும் முறையில் அளந்தபோது அந்த வேறுபாடு தென்படவில்லை. இணையத்தில் இன்னும் ரீலின் கதையைத்தான் முடிந்த முடிவாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

அளக்கும் முறையிலேயே சறுக்கல்கள் உண்டு. வழக்கமாக 500 நானோகிராம் டிஎன்ஏவை சோடியம் பைசல்ஃபைட்டில் இரவு முழுக்க வைப்பார்கள். மெத்தில் இல்லாத சைட்டோசின் யுராசிலாக மாறும், மெத்தில் உள்ளது அப்படியே நிற்கும். மாற்றம் முழுமையாக நடக்காவிட்டால், மெத்திலே இல்லாத இடமும் மெத்தில் உள்ளதாகப் பதிவாகும். மூளையில் இன்னொரு தொல்லை: மெத்தில் சைட்டோசினின் மாறிய வடிவமான ஹைட்ராக்ஸிமெத்தில்சைட்டோசின் அங்கே மிகுதி, அதை பைசல்ஃபைட் பிரித்துக் காட்டாது. அடுத்தது புள்ளியியல். மெத்திலேற்றத்தை மொத்தமாக அளக்கும் எபிக் சிப்பின் முதல் பதிப்பு சுமார் 8.5 லட்சம் இடங்களைப் பார்த்தது. பி மதிப்புக்கு (வேறுபாடே இல்லாதபோதும் இப்படி ஒரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05 என்று எல்லை வைத்தால், நோயே இல்லாத இரண்டு கூட்டங்களை ஒப்பிட்டாலும் தற்செயலாகவே சுமார் 42,500 இடங்கள் ‘வேறுபாடு’ காட்டும். அதனால் எல்லையை 0.00000009 அளவுக்கு இறக்குகிறார்கள்.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் ரத்தம் ஏமாற்றும். மனச்சிதைவு உள்ளவர்களிடம் புகைப்பழக்கம் மிக அதிகம். ஏஎச்ஆர்ஆர் ஜீனில் உள்ள சிஜி05575921 என்ற ஒரே ஒரு இடத்தைப் பாருங்கள்: புகைக்காதவர்களில் மெத்திலேற்றம் சுமார் 85–90%, பல வருடம் தினமும் புகைத்தவர்களில் 20 சதவீதப் புள்ளிக்கு மேல்கூட இறங்கிவிடும். மனச்சிதைவோடு தொடர்புபடுத்தப்படும் இடங்களில் வேறுபாடு பெரும்பாலும் ஓரிரு புள்ளிதான். புகையைக் கணக்கில் கழிக்காத ஆய்வு, நோயை அல்ல, சிகரெட்டை அளக்கிறது. இதோடு வெள்ளணு வகைகளின் விகிதமும் நோயாளிகளில் வேறாக இருக்கும். ஒவ்வொரு அணுவகைக்கும் தனி மெத்தில் அமைப்பு உண்டு என்பதால் அதுவும் கலந்து வரும். மருந்தும் சேர்ந்துகொள்ளும். 4,483 பேரின் ரத்தத் தரவுகளைச் சேர்த்து 2021இல் வெளிவந்த ஆய்வு, குளோசபைன் என்ற மனச்சிதைவு மருந்தை எடுக்கும் நோயாளிகளில் தனியான மாற்றங்களையும் காட்டியது. (புகைப்பதைத் திடீரென்று நிறுத்தினால் ரத்தத்தில் குளோசபைன் அளவு ஏறும். குடும்பத்தில் யாராவது அதை எடுத்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டுப் புகைப்பதை நிறுத்தச் சொல்லுங்கள்.)

என் பார்வையில் நம்பத்தக்க தடயம் மூளைத் திசுவில்தான் கிடைத்திருக்கிறது. அமெரிக்காவில் பால்டிமோரின் லீபர் மூளை ஆய்வு நிறுவனம் 2016இல் 191 நோயாளிகளின் முன்மூளைப் புறணியை ஆராய்ந்து 2,104 சிபிஜி இடங்களில் வேறுபாட்டைக் கண்டது. நோய் வெளியே தெரிவது பதின்பருவத்துக்குப் பின். ஆகவே அந்த வயதில் மாறும் இடங்கள்தான் அகப்படும் என்று நினைப்போம். அகப்பட்டவற்றில் பெரும்பகுதியோ, கருவிலிருந்து பிறப்புக்குப் பிந்தைய கட்டத்துக்குப் போகையில் மாறுபவை. அதே ஆண்டு, 166 கருமூளைகளை ஆராய்ந்த இன்னொரு குழு, மெத்திலேற்றத்தைக் கட்டுப்படுத்தும் மரபணு வேறுபாடுகள் மனச்சிதைவின் ஆபத்துப் பகுதிகளில் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. அதாவது பல இடங்களில் மெத்திலேற்றம் தனிக் காரணம் அல்ல. பரம்பரை ஆபத்து கருவிலேயே வேலை செய்யும் வழிகளில் ஒன்று.

1944–45இல் நெதர்லாந்தில் வந்த பஞ்சத்தை இங்கே பலரும் இழுப்பார்கள். அப்போது கருவான பிள்ளைகளுக்கு மனச்சிதைவு ஆபத்து சுமார் இரு மடங்கு. கருவுற்ற காலத்தில் தாய் பட்டினி கிடந்தவர்களுக்கு, அறுபது வருடம் கழித்தும் வளர்ச்சியோடு தொடர்புடைய ஐஜிஎஃப்2 ஜீனில் மெத்திலேற்றம் குறைவு. இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டும் தனித்தனி ஆய்வுகள். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று அவை நிரூபிக்கவில்லை.

மெத்தில் கூட்டுகிறேன், குறைக்கிறேன் என்று சப்ளிமென்ட் வாங்குவது வேண்டாம். மெத்தில் தொகுதியைத் தருவது, மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து உண்டாகும் எஸ்ஏஎம் என்ற சேர்மம். 1961இல் நோயாளிகளுக்கு எம்ஏஓ நொதியைத் தடுக்கும் மருந்தோடு மெத்தியோனின் கொடுத்தபோது சிலருக்கு அறிகுறிகள் மோசமாயின. ஃபோலேட், பி12 குறைவு ரத்தப் பரிசோதனையில் தெரிந்தால் அதைச் சரிசெய்யலாம். அது குறைபாட்டுக்கான சிகிச்சை. மனநல மருந்துக்கு மாற்று அல்ல.