வெள்ள நிவாரணத்தில் சர்ச்சுகள் இறங்குவது மதம் பரப்பவா?

நியாயமான கேள்விதான். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது சைதாப்பேட்டையில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்த சர்ச் குழுவில் நானும் இருந்தேன்.

முதலில் வேதம், அதாவது பைபிள். பசித்தவனிடம் "சமாதானத்தோடே போ" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்பினால் என்ன பயன் என்று யாக்கோபு நிருபம் 2-ஆம் அதிகாரம் கேட்கிறது. லூக்கா 10-இல் இயேசு சொல்லும் கதையில், வழியில் அடிபட்டுக் கிடந்த ஒருவனுக்கு உதவும் நல்ல சமாரியனை இன்னும் கவனித்துப் படியுங்கள். அடிபட்டுக் கிடந்தவன் என்ன நம்புகிறான் என்று அவன் விசாரிக்கவே இல்லை. காயம் கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், இரண்டு பணம் கொடுத்தான். அதிகமாகச் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். எனக்கு அந்தக் கடைசிப் பேச்சுதான் முக்கியம். முதல் வாரம் பொட்டலங்கள் குவியும். வீட்டுச் சேற்றை வழிக்கவும், நனைந்து போன ரேஷன் கார்டுக்கு மனு எழுதவும் மூன்றாவது வாரமும் ஆள் வேண்டும்.

மதமாற்ற நோக்கம்? 1994-இல் செஞ்சிலுவை இயக்கத்தோடு காரித்தாஸ், லூத்தரன் உலகக் கூட்டமைப்பு போன்ற கிறிஸ்தவ அமைப்புகளும் சேர்ந்து பேரிடர் உதவிக்காக உருவாக்கிய நடத்தை விதிகள் தெளிவாகவே சொல்கின்றன: தேவையை மட்டும் பார்த்து உதவ வேண்டும், அரசியல், மதக் கருத்தை வளர்க்க உதவியைப் பயன்படுத்தக் கூடாது. மீறுகிறவர்கள் இருக்கிறார்களா? இருக்கிறார்கள். அரிசிப் பையில் துண்டுப்பிரசுரம் வைத்தவர்களோடு நான் சண்டையே போட்டிருக்கிறேன். தவித்து நிற்பவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாதே! அவராகவே வந்து "எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்று கேட்டால் கட்டாயம் பண்ணுவோம், அது வேறு.