ஆரோடவுனுக்கு அரை நாள் போதுமா?

கேள்வி: ஏப்ரல் கடைசியில் நியூசிலாந்து போகிறோம், தங்குவது குயின்ஸ்டவுனில். பக்கத்தில் இருக்கும் பழைய தங்க வேட்டை ஊரான ஆரோடவுனுக்கு அரை நாள் ஒதுக்கினால் போதுமா? ஆற்றில் தங்கம் கிடைக்கும் என்கிறார்களே, நிஜமா? எழுபது வயது அப்பாவும் எட்டு வயது மகளும் கூட வருகிறார்கள்.

பதில்: கடைத்தெருவில் நடந்து, காபி குடித்து, மஞ்சள் இலைகளோடு நாலு படம் எடுத்துத் திரும்புவதென்றால் அரை நாளே அதிகம். ஆனால் 1862-இல் இந்த ஊரை உண்டாக்கியதே ஆரோ ஆறுதான், அதில் இறங்காமல் வருவதற்கு அங்கே போகவே வேண்டாம். முழு நாள் ஒதுக்குங்கள். சுமார் 20 கிலோமீட்டர்தான், டவுன் பஸ்ஸே போகிறது. நீங்கள் போகும் சமயம் இலையுதிர்கால உச்சம், கார் நிறுத்த இடம் தேடி அலைவதைவிட பஸ் நிம்மதி.

தங்கம் நிஜம்தான், கண்ணுக்குத் தெரியும் துகள் அளவுக்கு! அந்த ஆற்றில் பொதுமக்கள் கையால் தங்கம் அரிக்க அனுமதிச் சீட்டு தேவையில்லை, மோட்டார் மட்டும் கூடாது, கிடைத்தது உங்களுக்கே. ஊரிலுள்ள லேக்ஸ் டிஸ்ட்ரிக்ட் மியூசியத்தில் தங்கம் அரிக்கும் தட்டு வாடகைக்கு எடுக்கலாம். ஓடும் தண்ணீரின் நடுவில் அள்ளாதீர்கள், பெரிய பாறைகளின் பின்பக்கம், வளைவின் உள்கரை, பாறை இடுக்கு, இங்கேதான் வேகம் குறைந்து கனமானது தங்கும். அப்புறம் அரிசியில் கல் அரிப்பதுபோலத்தான்: தண்ணீருக்குள் குலுக்கினால் மணலைவிடப் பல மடங்கு கனமான தங்கம் அடிக்குப் போய்விடும், மேலே உள்ளதைச் சாய்த்து வெளியேற்றிக்கொண்டே வரவேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் போச்சு.

காலையில் பனிக்குளிர் இருக்கும் என்பதால் முதலில் மியூசியம், வெயில் ஏறியதும் ஆறு. அப்பாவைச் சீனக் குடியிருப்புக்கு அவசியம் அழைத்துப் போங்கள், ஊரின் ஓரத்தில் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது, கட்டணம் இல்லை. தங்கம் குறையத் தொடங்கியபோது வேலைக்கு ஆள் வேண்டுமென்று ஒடாகோக்காரர்களே (ஆரோடவுன் இருக்கும் மாகாணம்தான் ஒடாகோ) அழைத்து வந்த சீனர்கள், குனிந்து நுழைய வேண்டிய குடிசைகளில் காலம் தள்ளிய இடம். பிறகு 1881-இல் அரசாங்கம் சீனர்களுக்கு மட்டும் 10 பவுண்டு தலைவரி போட்டு, 1896-இல் அதை 100 ஆக்கியது, மன்னிப்பு கேட்டது 2002-இல்தான். எனக்கு அந்தக் கடைத்தெருவைவிட இந்தக் குடிசைகள்தான் முக்கியம்.

ஆற்றோடு மேலே போனால் மேஸ்டவுன் என்ற ஆளில்லாத ஊர் வரும். வழியில் இருபது தடவைக்கு மேல் ஆற்றைக் கடக்க வேண்டும், வாடகைக் காரில் முயலவே வேண்டாம், அப்பாவோடு போவதால் இந்தத் தடவை விட்டுவிடுங்கள். மகளுக்கு ரப்பர் பூட்ஸும் ஒரு செட் மாற்றுடையும் கட்டாயம், தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும்.