நவீனமயமாதல் முஸ்லிம் சமூகங்களை எவ்வாறு மாற்றுகிறது?

நவீன வாழ்க்கை வந்தால் மதப்பற்று தானாகத் தேய்ந்துவிடும் என்ற எதிர்பார்ப்போடுதான் இந்தக் கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுகிறது. முஸ்லிம் சமூகங்களின் அனுபவம் அதற்குள் அடங்குவதில்லை. மாற்றம் யார் கையால் வந்தது என்பதே முக்கியம் என்று நினைக்கிறேன்.

துருக்கியில் அரசே மேலிருந்து மாற்றத்தைத் திணித்தது. 1924இல், முஸ்லிம்களின் தலைமைப் பதவியாகக் கருதப்பட்ட கிலாஃபத் ஒழிக்கப்பட்டது. 1928இல் அரபு எழுத்தின் இடத்தில் லத்தீன் எழுத்து வந்தது. புதிய பள்ளியில் படித்த பேரனால் தாத்தா எழுதிய கடிதத்தையும், அவருடைய தந்தையின் கல்லறையில் பொறித்திருந்த பெயரையும் வாசிக்க முடியாமல் போயிற்று. எழுத்தறிவு பெருகியது உண்மை. தலைமுறைகளுக்கு இடையே ஒரு கதவு சாத்தப்பட்டதும் உண்மை.

துனிசியாவின் 1956ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம் பலதார மணத்தைத் தடைசெய்து, விவாகரத்தை நீதிமன்றத்தின் பொறுப்பாக்கியது. ஆனால் அதை மதத்துக்கு எதிரானதாக அல்லாமல் இஜ்திஹாத், அதாவது மூலநூல்களை ஆராய்ந்து சுயமாக முடிவு காணும் மரபு, என்ற பெயரிலேயே ஆட்சியாளர்கள் முன்வைத்தார்கள்.

ஈரானின் நிலை இன்னும் விசித்திரமானது. 1979 புரட்சிக்குப் பின் அமைந்த மத ஆட்சியின் கீழேயே பெண்கள் பெருந்திரளாகப் பல்கலைக்கழகங்களுக்குச் சென்றார்கள். 1980களில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு என்ற அளவில் இருந்த குழந்தைப்பேறு, சுமார் இருபதே ஆண்டுகளில் இரண்டாகச் சுருங்கியது.

சட்டங்களைவிட ஆழமான மாற்றம் வாசிப்பில் நடக்கிறது. முன்பு ஆலிமிடம், அதாவது மார்க்க அறிஞரிடம், கேட்டுத் தெரிந்துகொண்டதை இன்று ஓர் இளம்பெண் குர்ஆன் மொழிபெயர்ப்பைத் தன் கைப்பேசியில் திறந்து தானே படிக்கிறாள். அதன்பின் அவள் தாராளப் போக்கை நோக்கியும் நகரலாம், தன் தாயைவிடக் கண்டிப்பான மார்க்கப் பற்றுள்ளவளாகவும் ஆகலாம்.